சாரி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் பார்த்த ஒரு ஆங்கிலச் செயலி

வாடிக்கையாளர் ஒருவர் சந்தாவை நிறுத்தப் போவதாக எழுதியிருந்தார். அவரை எப்படியாவது பேசித் தக்கவைப்பது என் வேலை. உருக்கமாக நாலு வரி எழுதி, கடைசியில் “வீ டோன்ட் வான்ட் டு லூஸ் யூ” என்று முடித்து அனுப்பிவிட்டேன். உங்களை இழக்க எங்களுக்கு மனமில்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் லூஸில் ஒரு ‘ஓ’ போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டிருந்தேன். ஒன்று போட்டால் இழப்பது, இரண்டு போட்டால் தொளதொளவென்று இருப்பது. அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: “டூ லேட், ஐ ஆம் ஆல்ரெடி லூஸ்.” அதே இரண்டு ‘ஓ’வோடு. தமிழில் இந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு அர்த்தம் உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்கு அது எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

நான் படித்தது தமிழ் இலக்கியம், பிழைப்பது ஆங்கிலத்தில். 11 வருடமாக வாடிக்கையாளர் குறைகளுக்கு மின்னஞ்சலில் பதில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மடல் போகும். அதில் சாரி இல்லாத மடல் இரண்டோ மூன்றோ இருந்தால் அதிகம். சாரி சொல்லியே சம்பளம் வாங்குகிறாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த லூஸ் சம்பவத்துக்குப் பிறகுதான் இந்தச் செயலியைக் காசு கொடுத்து வாங்கினேன். எழுத்திலும் ஒலியிலும் குழப்பும் ஆங்கிலச் சொற்கள் ஒரு பாதி, அன்றாடம் பயன்படும் மரியாதையான பேச்சு இன்னொரு பாதி, எல்லாம் தமிழ் வழியாக. பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அச்சில் இன்னும் பத்துச் செயலிகள் இருக்கின்றன, நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

மூன்று மாதம் தினமும் இருபது நிமிடம் பார்த்தேன். மொத்தம் 60 பாடம். முதல் 30 குழப்பும் சொற்கள்.

தொடங்கியதுமே மூன்று தேர் வரிசையாக வந்து நிற்கிறது. அங்கே என்கிற தேர், அவர்களுடைய என்கிற தேர், ‘அவர்கள் இருக்கிறார்கள்’ என்பதைச் சுருக்கிய தேர். அடுத்தது இட்ஸ், இட்ஸ். அதற்கடுத்தது யுவர், யுவர். பத்துக் கேள்விக்குப் பத்தும் சரியாகப் போட்டேன். பெருமைப்பட ஒன்றுமில்லை. இந்தக் குழப்பம் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுடையது. அவர்கள் முதலில் காதால் கற்று, அப்புறம்தான் எழுதப் பழகுகிறார்கள். ஒலி ஒன்றாக இருந்தால் எழுதும்போது கை தடுமாறும். நம்மில் பலர் கண்ணால் கற்றவர்கள். ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாக ஒப்பித்து மனப்பாடம் செய்தவர்களுக்கு மூன்று தேரும் மூன்று படம். எனக்கு வரும் மடல்களில் இட்ஸ் தப்பாக எழுதுகிறவர்கள் ஆங்கிலத்திலேயே கனவு காணும் ஆட்கள்தான். அவர்களுக்கென்று போட்ட பட்டியலை எடுத்துத் தமிழ் விளக்கம் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

அப்படியானால் நான் ஏன் லூஸில் விழுந்தேன்? தேர்ந்தெடுப்பது என்னும் சூஸுக்கு இரண்டு ‘ஓ’ இருக்கிறதே, லூஸுக்கு மட்டும் ஏன் ஒன்று என்று கை கேட்கிறது. அது ஒரு காரணம். இன்னொன்று காதைச் சேர்ந்தது. இழப்பது என்னும் லூஸ், வண்டு ரீங்காரம் போல் தொண்டை அதிர முடிகிறது. தளர்வு என்னும் லூஸ், காற்றுப் போவது போல் முடிகிறது. அந்த ரீங்காரம் தமிழில் இல்லாததால் நம் காதுக்கு இரண்டும் ஒன்று. அட்வைஸும் இதே கதை. ‘சி’ போட்டால் அறிவுரை, காற்று. ‘எஸ்’ போட்டால் அறிவுரை சொல்வது, ரீங்காரம். செயலி இங்கே நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறது. கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கச் சொல்கிறது. சொல் முடியும் இடத்தில் விரலுக்கு அதிர்வு தெரிந்தால் ‘எஸ்’. இத்தனை வருடம் ஆங்கிலத்தில் எழுதியும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஸ்டேஷனரி பாடமும் பிடித்தது. ‘ஏ’ போட்டால் அசையாமல் நிற்பது, ‘ஈ’ போட்டால் காகிதம், பேனா வகையறா. என்வலப் என்பதில் ‘ஈ’ இருக்கிறது, அப்படி நினைவு வைத்துக்கொள்ளலாம். இந்தக் குறுக்குவழி எல்லா இடத்திலும் கிடைக்கும். கூடவே இருந்த சின்ன எழுத்துக் குறிப்புதான் சுவை. இடைக்கால ஐரோப்பாவில் தலைச்சுமையாகத் திரிந்து விற்றவர்கள் போக, ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்கு ஸ்டேஷனர் என்று பெயர். அசையாமல் நின்றவரிடம் வாங்கிய பொருள்தான் ஸ்டேஷனரி. அதாவது இரண்டும் உடன்பிறப்பு. இது தெரிந்த பிறகு எனக்குக் குறுக்குவழி தேவைப்படவில்லை. இப்படிப்பட்ட குறிப்பு 30 பாடத்தில் நாலே நாலு இடத்தில்தான் இருக்கிறது.

இனிக் குறை. நமக்கு உண்மையில் வரும் குழப்பம் ஒலியால் வருவது கொஞ்சம்தான். தமிழில் ஒரு சொல் இருக்குமிடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று இருப்பதுதான் நம்மைக் கவிழ்க்கிறது. ‘கேள்’ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்க், ஹியர், லிசன் மூன்றுக்கும் நமக்கு அது போதும். என் பக்கத்து இருக்கைத் தம்பி தொலைபேசியில் ஒரு வாடிக்கையாளரிடம், இணைப்பு சரியில்லை, நீங்கள் பேசுவது கேட்கவில்லை என்று சொல்ல நினைத்து, “ஐ ஆம் நாட் லிசனிங் டு யூ, சார்” என்றான். நீங்கள் பேசுவதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று அது போய்ச் சேர்ந்தது. ‘சார்’ வேறு சேர்த்துச் சொன்னான்.

கடன் கொடுப்பதும் வாங்குவதும் நமக்குக் கடன்தான், அதனால் லெண்ட், பாரோ இரண்டும் இடம் மாறும். ஷேட், ஷேடோ இரண்டும் நிழல். பார் என்றால் சீ, லுக், வாட்ச். இன்னும் என்றால் ஸ்டில், யெட். இவற்றில் ஒன்றுகூட அந்த 30 பாடத்தில் இல்லை. செயலி செய்தவர்கள் ஆங்கில அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள். தமிழ் அகராதியைத் திறந்திருந்தால் பாதிப் பட்டியல் தானே வந்திருக்கும்.

வேறொன்றும் உண்டு, இதைவிட எரிச்சலானது. சில இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது, அதையும் தவறவிட்டிருக்கிறார்கள். பை, அண்டில் இரண்டையும் விளக்க ஒரு பாடம் முழுக்கக் கோடும் அம்பும் புள்ளியுமாக வரைந்து தள்ளியிருக்கிறார்கள். “ப்ளீஸ் செண்ட் இட் அண்டில் ஃப்ரைடே” என்று எழுதாதே, ‘பை’ போடு என்று சொல்வதற்கு இவ்வளவு பாடு. வெள்ளிக்கிழமைக்குள் என்றால் பை, வெள்ளிக்கிழமை வரை என்றால் அண்டில். முடிந்தது. தமிழ் வழியாகச் சொல்லித்தருவது என்றால் இதுதானே?

சரி, இரண்டாம் பாதிக்கு வருகிறேன். மரியாதையான பேச்சு. வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு கூத்து.

செயலியின் திரை முழுக்கத் தமிழ். தப்பாகப் பதில் சொன்னால் சிவப்பில் வரும்: “தவறு. மறுபடி முயற்சி செய்.” இரண்டு நாள் திறக்காவிட்டால் அறிவிப்பு வரும்: “எங்கே போனாய்? பாடம் காத்திருக்கிறது.” எனக்கு வயது 43. மரியாதை கற்றுத்தரும் செயலி என்னை நீ, வா, போ என்கிறது.

மொழிபெயர்த்தவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு ‘யூ’தான். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இரண்டு இருந்தன. ‘தௌ’ என்பது நம் நீ மாதிரி, ‘யூ’ நம் நீங்கள் மாதிரி, பன்மைக்கும் மரியாதைக்கும். 17ஆம் நூற்றாண்டுவாக்கில் பொதுவழக்கில் தௌ மங்கிப்போய், பெற்ற பிள்ளை முதல் நீதிபதி வரை எல்லாரும் யூ ஆகிவிட்டார்கள். எல்லாருக்கும் நீங்கள் என்றான பிறகு அந்தச் சொல்லில் மரியாதை எதுவும் மிச்சமில்லை. நாம் வினைச்சொல்லின் வாலில் வைக்கும் மரியாதையை அவர்கள் வாக்கியத்தின் வேறு மூலைகளில் வைக்கிறார்கள். குட், உட், மைட், ஐ வாஸ் வொண்டரிங் எல்லாம் அந்த மூலைகள்தான்.

செயலியின் 41ஆம் பாடம் இதைக் கையில் பிடித்துக் காட்டுகிறது. திரையின் அடியில் ஒரு பட்டை. இடது முனை ‘நெருக்கம்’, வலது முனை ‘தூரம்’. விரலால் நகர்த்த நகர்த்த வாக்கியம் மாறுகிறது. முதலில் “ஓபன் த ஃபைல்”. கொஞ்சம் நகர்த்தினால் “கேன் யூ ஓபன் த ஃபைல்?” இன்னும் நகர்த்தினால் கேன் போய் குட் வருகிறது. கடைசி முனையில் “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஓபன் த ஃபைல்”. கோப்பைத் திறக்கச் சொல்வதற்கு இவ்வளவு நீளம். போகப் போக வினை இறந்தகாலத்துக்குள் போவதைக் கவனிக்க வைக்கிறார்கள். இப்போதுதான் கேட்கிறேன், ஆனாலும் “ஐ வான்டட் டு ஆஸ்க்” என்கிறேன். காலத்தில் ஓர் அடி பின்னால் போய் நின்றால் எதிராளிக்கு மறுக்க இடம் கிடைக்கிறது. இதை நான் பல வருடமாக எழுதிவருகிறேன், ஏன் என்று தெரியாமலே.

இந்தப் பட்டையோடு அரை மணி நேரம் விளையாடினேன். அப்புறம் தமிழில் செய்து பார்த்தேன். “கோப்பைத் திற.” “திறங்க.” “திறக்க முடியுமா?” “கொஞ்சம் அந்தக் கோப்பைத் திறங்களேன்.” கடைசி வாக்கியத்தில் வரும் ‘கொஞ்சம்’ அளவு இல்லை, ‘ஏன்’ கேள்வியும் இல்லை. இரண்டும் சேர்ந்து ப்ளீஸ் வேலையைச் செய்கின்றன. தயவுசெய்து என்பது அறிவிப்புப் பலகைக்குச் சரி. நேரில் ஒருவர் அதைச் சொன்னால் கெஞ்சுகிறார் அல்லது கோபத்தில் இருக்கிறார். ப்ளீஸுக்கு நேர் தமிழ் தயவுசெய்து அல்ல என்று 33ஆம் பாடத்தில் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு ஒரு சபாஷ். ‘உங்களுக்கு விருப்பமானால்’ என்ற நீண்ட தொடர் தேய்ந்து நின்றதுதான் ப்ளீஸ் என்ற குறிப்பும் இருக்கிறது. ஆனால் வெறும் கட்டளையின் வாலில் ப்ளீஸ் ஒட்டினால் அது கட்டளையாகவேதான் இருக்கும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். “சிட் டவுன், ப்ளீஸ்” என்பதில் உட்காருகிறவருக்கு வேறு வழியில்லை.

படித்த இலக்கணம் சும்மா இருக்க விடுவதில்லை. ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கத் தொல்காப்பியம் மூன்று சொல் தருகிறது: தாழ்ந்தவர் ‘ஈ’ என்று கேட்பார், சமமானவர் ‘தா’ என்பார், உயர்ந்தவர் ‘கொடு’ என்பார். இந்தப் பட்டையின் மூன்று நிலை அங்கேயே இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மொழியில் மரியாதை பற்றிய ஆய்வு என்றதும் மொழியியலாளர்கள் முதலில் எடுக்கும் பெயர்கள் பெனிலோப்பி பிரவுன், ஸ்டீவன் லெவின்சன். 1987இல் நூலாக வந்த அவர்களுடைய ஆய்வு முக்கியமாக ஒப்பிட்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவில் பேசப்படும் செல்டால், அப்புறம் தமிழ். அப்படிப்பட்ட தமிழில்தான் “எங்கே போனாய்?” என்று அறிவிப்பு அனுப்புகிறார்கள்.

46ஆம் பாடம் “உட் யூ மைண்ட்”. இதற்காகவே வாங்கலாம். காணொளி அழைப்பு ஒன்றில் ஒருவர் என்னிடம் “உட் யூ மைண்ட் ரிபீட்டிங் தட்?” என்று கேட்டார். இன்னொரு முறை சொல்கிறீர்களா என்கிறார். நான் மலர்ந்த முகத்தோடு “யெஸ்” என்றேன். அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவருடைய கேள்வியின் நேர்ப்பொருள், சொல்வதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்பது. ஆமாம், உண்டு என்றிருக்கிறேன். சம்மதம் என்றால் “நோ, நாட் அட் ஆல்” என்று சொல்லிவிட்டுக் காரியத்தைச் செய்ய வேண்டும். செயலியில் எட்டு முறை எட்டு விதமாகக் கேட்கிறார்கள், நடுநடுவே சாதாரண “குட் யூ” வந்து கவிழ்க்கிறது. இதில் யெஸ், அதில் நோ. முதல் நாள் மூன்றுதான் சரி. நாலாவது நாள் வாய் தானாக நோ என்றது.

இதன் தம்பியான எதிர்மறைக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டார்கள். “டிடன்ட் யூ கெட் மை மெயில்?” என்றால் நாம் “யெஸ், ஐ டிடன்ட்” என்போம், ‘ஆமா, வரலை’ என்கிற கணக்கில். அவர்களுக்கு யெஸ் என்றால் வந்தது, நோ என்றால் வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நடக்கும் குளறுபடி என் வேலையில் தினமும் ஒன்று உண்டு.

‘பரவாயில்லை’ பாடம் இருக்குமென்று எதிர்பார்த்தேன், இல்லை. நம் பேச்சில் ஓய்வே இல்லாமல் உழைக்கும் சொல் அது. யாராவது சாரி சொன்னால் பரவாயில்லை, அது “தட்ஸ் ஆல் ரைட்”. நன்றி சொன்னால் பரவாயில்லை, அது “நாட் அட் ஆல்”. வேலை எப்படிப் போகிறது என்றால் பரவாயில்லை, அது “நாட் பேட்”. உங்களுக்கு இது வேண்டுமா அது வேண்டுமா என்றால் எதுவானாலும் பரவாயில்லை, அது “ஐ டோன்ட் மைண்ட்”. இந்தக் கடைசி இடத்தில்தான் ஆபத்து. “ஐ டோன்ட் கேர்” என்று சொல்லிவிடுகிறார்கள். எதுவானாலும் சம்மதம் என்பதற்கும், எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்பதற்கும் நடுவே ஒரு சொல்தான் வித்தியாசம்.

சாரிக்கு வருகிறேன், என் தொழில் அல்லவா. எக்ஸ்கியூஸ் மீ, சாரி, பார்டன் மூன்றையும் பிரித்துக் காட்டும் பாடம் கச்சிதம். தொந்தரவு செய்யப்போகிறேன் என்றால் எக்ஸ்கியூஸ் மீ, செய்துவிட்டேன் என்றால் சாரி, காதில் விழவில்லை என்றால் பார்டன். இதற்கு மேல் சொல்லக் கூடாது, சொல்லவுமில்லை. ஆனால் சாரியையும் அப்பாலஜைஸையும் ஒரே வரியில் போட்டு இரண்டுக்கும் மன்னிப்பு என்று எழுதியிருப்பது பெரிய தப்பு. சாரிக்கு இரண்டு முகம். மன்னிப்பும் கேட்கும், துக்கமும் விசாரிக்கும். அப்பாலஜைஸுக்கு முதல் முகம் மட்டும்தான், தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போடும் சொல் அது. கணவர் இறந்துவிட்டார், கணக்கைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். புதிதாகச் சேர்ந்த பெண், சாரியைவிடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று நினைத்து, “வீ அப்பாலஜைஸ் ஃபார் த டெத் ஆஃப் யுவர் ஹஸ்பண்ட்” என்று தட்டியிருந்தாள். என்னவோ நிறுவனமே அவரைக் கொன்றுவிட்டது போல. அனுப்பும் முன் என் கண்ணில் பட்டது. “வீ ஆர் வெரி சாரி டு ஹியர்” என்று மாற்றினோம்.

இன்னொரு வேடிக்கை. சாரியும், துயரம் என்னும் சாரோவும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருந்தாலும் வேர் வேறு. சாரி வந்தது புண், வலி என்ற பொருளுள்ள ‘சோர்’ வழியில். குழப்பும் சொற்கள் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய இணை. இல்லை.

பேச்சுப் பயிற்சி பற்றி இரண்டு வரி போதும். ஒலிவாங்கியில் சொன்னால் மதிப்பெண் போடுகிறது. “குட் யூ ப்ளீஸ் வெயிட்?” என்பதை ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, சண்டைக்குப் போகிற குரலில் சொல்லிப் பார்த்தேன். 100க்கு 96.

வாங்கலாமா என்றால், இரண்டாம் பாதிக்காக வாங்கலாம். முதல் பாதியில் விரலைக் கழுத்தில் வைக்கும் பாடத்தையும் ஸ்டேஷனரியையும் பார்த்துவிட்டு, மீதிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, கேள், பார், சொல், கடன் என்று நீங்களே தலைப்புப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டு ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அந்த ‘நீ’ விஷயமாக அவர்களுக்கு எழுதினேன். 41ஆம் பாடத்தின் வலது முனையிலிருந்து எடுத்த வாக்கியத்தில், “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் கன்சிடர்...” என்று. நாலு நிமிடத்தில் பதில் வந்தது: “வீ அப்பாலஜைஸ் ஃபார் எனி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்.” அதை நானே ஒரு நாளைக்கு இருபது தடவை அனுப்புகிறேன். அந்த ‘எனி’ எதற்கு இருக்கிறது என்றும் தெரியும். உங்களுக்கு அசௌகரியம் ஏற்பட்டது என்று நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அப்படி ஏதாவது ஏற்பட்டிருந்தால் சாரி. யாரும் படிக்காமலே போகிற பதில் அது. இருந்தாலும் கோபம் வரவில்லை, தொழில் பாசம்.

பத்து நாள் கழித்து ஒரு மனிதர் எழுதினார், சரிசெய்கிறோம் என்று. சொன்னபடி செய்தார்கள். இப்போது “மறுபடி முயற்சி செய்யுங்கள்” என்று வருகிறது, “எங்கே போனீர்கள்?” என்றும் கேட்கிறது. எல்லா இடத்திலும் மாற்றிவிட்டார்களா என்று பார்க்க ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிக்கொண்டே போனேன். கடைசியில் சந்தாவை ரத்து செய்யும் பொத்தான். சும்மாதான் தட்டினேன். “நிச்சயமாகப் போகிறாயா?” என்று கேட்டது. அங்கே மட்டும் மாற்ற மறந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: “வீ டோன்ட் வான்ட் டு லூஸ் யூ.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு ‘ஓ’தான்.